தோட்டாச் சாலையில் ஒரு கூத்துக் களரி



கூத்தாடுவதற்கு ஒரு கட்டடம் வேண்டுமா என்று வன்னியின் பழைய அண்ணாவிமாரைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். சூடு மிதித்து முடிந்த வயல் போதும். இல்லையேல் கோயில் வெளி போதும். நாலு கப்பு நட்டு, மேலே வெள்ளை கட்டி, மூலைக்கொரு வெளிச்சம் வைத்தாற் களரி ஆயிற்று. சனம் சுற்றிவரப் பாய் விரித்து, பிள்ளைகளை மடியிற் கிடத்தி, விடிய விடிய இருந்து பார்க்கும். விடிந்த பிறகு கப்பைப் பிடுங்கினால் அது மறுபடியும் வயல்தான். அதனாலேதான் எங்கள் கூத்தின் வரலாற்றை எழுத வருகிறவர்களுக்குத் தொட்டுக் காட்ட ஒரு சுவர்கூட இல்லை. கொப்பிகளும், வயது போனவர்களின் ஞாபகமுமே அதன் சாட்சிகள்.

ஆனால் இன்று நான் சொல்ல வந்தது ஒரு கட்டடத்தின் கதை. கூத்துக்காகக் கட்டப்பட்ட கட்டடமல்ல அது. துவக்குத் தோட்டா செய்வதற்காகக் கட்டப்பட்டது. இருப்பது பாரிஸ் நகரின் கிழக்கு ஓரத்தில், வன்சென் காட்டுக்குள். கார்த்துஷ்ரி என்று அதற்குப் பெயர். பிரெஞ்சு மொழியில் அதன் பொருளே தோட்டாச் சாலை என்பதுதான். அந்தச் சாலைக்குள் இருந்து தமிழ்க் கூத்துப் பாட்டைக் கேட்டுவிட்டு வந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

2017 ஜனவரி. தமக்கையாரின் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பாரிசுக்குப் போகும் எங்கள் ஆட்களுக்கு முதலில் தெரியவரும் இடம் லாஷப்பல். முருங்கைக்காயும் பனங்கட்டியும் வாங்க நாங்கள் ஏறி இறங்கும் அந்தத் தெருவோரத்திலேயே 'பூஃப் து நோர்' என்றொரு பழைய நாடகசாலை நிற்கிறது. 1952 முதல் பூட்டிக் கிடந்த அதை 1974 இல் திறந்து, காரை உதிர்ந்த சுவர்களை அப்படியே விட்டு நாடகம் போட்டவர் பீற்றர் புறூக். 1985 இல் அவினியோன் விழாவுக்காக ஒரு கல்லுடைக்கும் குழியில் அவர் அரங்கேற்றிய மகாபாரதம் பின்னர் இந்தச் சாலைக்குத்தான் வந்தது. அதன் வாசலைத் தாண்டி எத்தனை ஆயிரம் தமிழர்கள் மரக்கறிப் பையோடு போயிருப்பார்கள்! நானும் இரண்டு நாள் அப்படித்தான் போனேன். மூன்றாம் நாள்தான் மருமகன் சொன்னான்: “மாமா, இதைவிடத் தூரத்தில வேறொரு இடம் இருக்கு. அங்க இப்ப எங்கட கூத்து நடக்குதாம். வெள்ளைக்காரர் தமிழில பாடுகினமாம்.”

நம்பவில்லை. ஆனாலும் போனோம். மெற்றோவின் முதலாம் இலக்கப் பாதை முடியும் இடம் வன்சென் கோட்டை. முதலாம் உலகப் போரின்போது, 1917 இல், மாதா ஹரி என்ற நடனக்காரியை உளவு சொன்னாள் என்று நிறுத்திச் சுட்டது இந்தக் கோட்டையை அண்டித்தான். அங்கிருந்து நாடகம் பார்க்க வருவோரைக் காட்டுக்குள் ஏற்றிச் செல்ல ஒரு சிறிய பஸ் வரும். 2015 நவம்பரில் பாரிசில் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு போட்ட அவசரகாலநிலை அப்போதும் நீங்கியிருக்கவில்லை. நிலையங்களில் நீட்டிய துவக்கோடு படையினர் நடந்துகொண்டிருந்தார்கள். பையைத் திறந்து காட்டுவதற்கு எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கேட்கு முன்னரே திறந்துவிட்டேன். மருமகன் சிரித்தான்.

கார்த்துஷ்ரியின் வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிற் தொடங்குகிறது. 1870 இல் பிரஷியாவோடு மூண்ட போரிற் தோற்ற பிரான்ஸ், படைக்கலங்களைப் புதிதாகப் பெருக்கிய காலம் அது. வெடிமருந்தோடு மாரடிக்கும் வேலை ஊருக்கு நடுவே நடக்கலாகாது. ஓரிடத்திற் பற்றினால் மற்ற இடத்துக்குத் தாவவும் கூடாது. ஆகவேதான் காட்டுக்குள், ஒன்றுக்கொன்று விலகிய நீண்ட பதிந்த கட்டடங்கள். உள்ளே போனால் தூண்கள் தூரத்தூர நிற்கின்றன, கூரை உயரத்தில் இருக்கிறது. தோட்டா செய்பவருக்கு வேண்டிய இந்த இடவசதியே பிறகு ஆட்டக்காரருக்கும் வாய்த்தது. முதலாம் உலகப் போரின்போது பிரான்சின் ஆயுதச் சாலைகளில் இலட்சக்கணக்கான பெண்கள் வேலை செய்தார்கள். கணவனும் தமையனும் போர்முனையில் நிற்க, அவர்கள் துவக்குக்கு இடுவதை இவர்கள் இங்கே நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த பெரும்போரும் முடிந்த பின்னர் படைத்துறைக்கு இந்த இடத்தின் தேவை குறைந்தது. கட்டடங்கள் பாழ்பட்டன.

1964 இல் பாரிசில் மாணவ நண்பர்கள் சிலர் ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். 'தெயாத்ர் து சொலெய்' என்று பெயர் வைத்தார்கள். சூரிய நாடக அரங்கு என்று சொல்லலாம். தலைமை அரியான் முனூஷ்கின் என்ற பெண். இந்தக் குழுவைச் சட்டப்படி அவர்கள் பதிந்த விதந்தான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. கம்பனியாக அல்ல, கலைச் சங்கமாகவும் அல்ல. தொழிலாளர் கூட்டுறவாகப் பதிந்தார்கள். நெறியாளருக்கும் நடிகருக்கும் தச்சருக்கும் சமையற்காரருக்கும் ஒரே சம்பளம். சொந்த இடம் இல்லாமல், கிடைத்த மண்டபங்களிற் பழகிக்கொண்டிருந்த இவர்கள், படையினர் விட்டுச்செல்லும் தோட்டாச் சாலை பாரிஸ் நகராட்சியின் கைக்கு வருகிறது என்று அறிந்து, 1970 கோடையில் உள்ளே போனார்கள். ஒத்திகை பார்க்க ஓர் இடம் என்ற அளவில்தான் போனார்கள். தாங்களே கூட்டிக் கழுவி, தாங்களே சுவர் பூசி, மேடைக்கு மரம் அறுத்தார்கள்.

அங்கே பழகிய நாடகத்தின் பெயர் '1789'. பிரெஞ்சுப் புரட்சியின் கதை. அந்த ஆண்டு நவம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் அரங்கேற்றிவிட்டு, பாரிசில் மேடை தேடினால் பொருத்தமாக ஒன்றும் அகப்படவில்லை. சரி, பழகிய இடத்திலேயே போடுவோம் என்று டிசம்பர் கடைசியிற் தோட்டாச் சாலைக் கதவைத் திறந்தார்கள். மாரிகால இரவில் காட்டுக்குள் யார் வருவார் என்று ஊரார் கேட்டிருப்பார்கள். இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த நாடகத்தைப் பார்த்தார்கள். சுற்றிவர மேடைகள், அவற்றை இணைக்கும் நடைபாதைகள், நடுவிலே சனம். பாஸ்தில் சிறை வீழ்ந்த கட்டம் வந்தபோது நடிகர்கள் மேடையை விட்டு இறங்கிச் சனத்துக்குள் பரவி, ஆளுக்கொரு சிறு கூட்டத்தைக் கிட்டக் கூப்பிட்டு, அன்று நடந்ததைத் தாழ்ந்த குரலிற் சொல்லத் தொடங்குவார்களாம். குரல்கள் மெல்ல மெல்ல ஏறி மண்டபம் முழுவதும் ஒரே ஆரவாரமாக முடியுமாம். விறாந்தையில் இருந்து கதை சொன்ன எங்கள் பாட்டன்மாருக்கு இந்த வித்தை தெரியும். அதை ஆயிரம் பேருக்கு நடுவே செய்து காட்டியதுதான் அவர்களின் கெட்டித்தனம்.

பிறகு மற்றக் கட்டடங்களுக்கும் வேறு குழுக்கள் வந்து சேர்ந்தன. இன்று அந்த மதிலுக்குள் பல அரங்குகள்.

நாங்கள் போன மாலை மழை தூறியது. வாசலில் நின்று ரிக்கற்றைத் தானே வாங்கி உள்ளே விடுவது முனூஷ்கினின் நெடுநாள் வழக்கம். உள்ளே முதற் கூடம் சாப்பாட்டுக்கு. நாடகம் எந்த நாட்டைப் பற்றியதோ அந்த நாட்டு உணவைச் சமைத்து வைத்திருப்பார்கள், பரிமாறுகிறவர்களும் குழுவினரே. சோறும் பருப்பும் கறியும் கிடைத்தன. உறைப்புக் காணாது, ஆனாற் பிழையில்லை. நீண்ட வாங்குகளில் முன்பின் தெரியாதவர்களோடு இருந்து சாப்பிட்டோம். ஆட்டக்காரர் உடுத்துவதையும் முகத்துக்குப் பூசுவதையும் பார்வையாளர் பார்க்கலாம். அதற்கென்று மறைவு இல்லை. அதைப் பார்த்தபடி நின்றபோதுதான் ஊர் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரிலும் உடுப்புக் கட்டுகிற இடத்தைச் சுற்றித்தானே சிறுவர்களாகிய நாங்கள் நின்றோம்! கோவலனுக்குக் கரைத்துணி கட்டுகிறவர் காலையில் மாடு சாய்த்துச் சென்ற அதே ஆள் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும், அவர் களரிக்கு வந்ததும் கோவலனாகிவிடுவார்.

அன்றைய நாடகத்தின் பெயர் 'இந்தியாவில் ஓர் அறை'. அது பிறந்த கதையும் வரலாறுதான். பாரிஸ் தாக்குதல்கள் நடந்து இரண்டு மாதத்துக்குள், 2016 இன் தொடக்கத்தில், குழு முழுவதும் புதுச்சேரிக்குப் போனது. இந்தியா அவர்களுக்குப் புதிதல்ல. 1987 இல், இந்தியா துண்டாடப்பட்ட கதையை எலேன் சிக்சூ எழுத, நாடகமாக ஆடியவர்கள். 1990 அளவில் கிரேக்கத் துன்பியல்களை மேடையேற்றியபோது கதகளியையும் பரதத்தையும் பயின்றவர்கள். இம்முறை அவர்கள் தேடியது தெருக்கூத்தை. கற்றுக்கொடுத்தவர் புரிசை கண்ணப்ப சம்பந்தன். செய்யாற்றுப் பக்கம் புரிசை என்ற கிராமத்தில் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடிவரும் தம்பிரான் குடும்பத்தவர். பெயர்பெற்ற கண்ணப்பத் தம்பிரானின் மகன். 2016 நவம்பரிற் தோட்டாச் சாலையில் நாடகம் அரங்கேறியது.

கதை இதுதான். இந்திய நகரொன்றிற் தங்கியிருக்கும் பிரெஞ்சு நாடகக் குழுவின் தலைவர், பாரிசின் கொலைச் செய்தி கேட்டு மனமுடைந்து எல்லாவற்றையும் விட்டுப் போய்விடுகிறார். உதவியாளப் பெண் தனித்து விடப்படுகிறாள். இப்படிப்பட்ட உலகத்தில் நாடகம் போட்டு ஆவதென்ன என்ற கேள்வி அவளை உறங்கவிடுவதில்லை. பெரிய அறை, ஒரு கட்டில், யன்னல்கள். அவளது கனவுகள் அந்த அறைக்குள் ஒவ்வொன்றாக நுழைகின்றன. அவற்றுக்கு நடுவே கதவு திறந்து வருகிறது கூத்து. மத்தளச் சத்தம், திரை பிடித்தல், திரைக்குப் பின்னாலிருந்து வரவுப் பாட்டு, சுழன்று சுழன்று ஆட்டம். துகிலுரிதல். பிறகு கர்ணன் போருக்குப் புறப்பட, பொன்னுருவி தடுக்கும் கட்டம்.

பாடியவர்கள் பல நாட்டவர்கள். தமிழ் அவர்களது நாவில் அங்கங்கே வழுக்கியது. ழகரம் எங்களிற் பலருக்கே வழுக்குகிறது, அதை விடுவோம். தாளம் வழுக்கவில்லை. புரிசைப் பாணியும் எங்கள் பாணியும் ஒன்றல்ல. உடையும் வேறு, மெட்டும் வேறு. ஆனாலும் துகிலுரிதற் கட்டத்தில் என் கால் தானாகத் தாளம் போட்டது. பக்கத்தில் இருந்த மருமகன் காதுக்குள் கேட்டான்: “மாமா, துகில் எண்டால் என்ன?”

அவன் பாரிசிற் பிறந்தவன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் போனவன். மேடையில் நின்ற பிரெஞ்சுப் பெண்ணுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரிந்திருக்கும், அவனுக்குத் தெரியவில்லை. “சீலை” என்றேன். அதற்குமேற் சொல்ல வாய் வரவில்லை.

குறையும் உண்டு. நாலு மணித்தியாலத்துக்குக் கிட்டவான நாடகத்திற் கூத்து இடையிடையேதான் வருகிறது. திரௌபதை அம்மன் திருவிழாவில் ஊரே விழித்திருந்து பார்க்கும் துகிலுரிதலின் பயமும் பக்தியும் ஓர் அயல்நாட்டு மேடையில் அரைமணிக்குள் அடங்குமா? அடங்காதுதான். ஆனால் இந்தக் குற்றச்சாட்டை நாங்கள் எங்களுக்குள்ளும் வைத்திருக்கிறோம். பேராசிரியர் வித்தியானந்தன் 1962 இற் பேராதனையில் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது, விடிய விடிய ஆடுவதைச் சில மணித்தியாலத்துக்குச் சுருக்கி, வட்டக் களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு மாற்றினார். கூத்தைக் காப்பாற்றினார் என்றவர்களும் உண்டு, கால் முறித்தார் என்றவர்களும் உண்டு. நான் முதற் கட்சி. படித்தவர்கள் கூத்தைப் பார்க்க வந்தது அதன் பிறகுதான். ஆனாற் படச்சட்டத்துக்குள் போன கூத்து, சனத்துக்கு நடுவே நின்ற கூத்து அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தோட்டாச் சாலையில் நான் கண்ட புதுமை, மேடையை விடவும் அந்த முதற் கூடந்தான். சேர்ந்திருந்து சாப்பிட்டு, உடுப்புக் கட்டுவதைப் பார்த்து, பிறகு ஆட்டம் பார்ப்பது. களரிக்கு வெளியே களரியைச் சூழ இருந்த வாழ்க்கை.

அந்தக் கூடத்துக்கு இன்னொரு நினைவும் இருக்கிறது. 1996 இல், பதிவுப் பத்திரம் இல்லாத ஆபிரிக்கக் குடும்பங்கள் பாரிசின் சென் அம்புறுவாஸ் தேவாலயத்திற் தஞ்சம் புகுந்து, பொலிசாரால் வெளியேற்றப்பட்டபோது, சில காலம் அவர்களுக்கு இடம் கொடுத்தது தோட்டாச் சாலை. 2003 இல் அகதிகளின் வாய்மொழிகளைக் கேட்டுக் கேட்டே ஒரு நெடிய நாடகம் அங்கே உருவானது. 2005 இல் காபூலில் முனூஷ்கின் நடத்திய பயிற்சியிலிருந்து ஓர் ஆப்கானியக் குழு பிறந்தது. தங்கள் மொழியிற் சூரியன் என்று பொருள்படும் 'அஃப்தாப்' என்ற பெயரையே வைத்துக்கொண்டார்கள். தோட்டா போன நாடுகளிலிருந்து ஆட்கள் தோட்டாச் சாலைக்கு வந்திருக்கிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது. இந்தக் கூத்து நாடகமும் 2017 டிசம்பரில் நியூயோர்க்குக்குப் போனது. அங்கே அது ஆடப்பட்டதும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு படைப்பிரிவு அணிநடை பழகுவதற்குக் கட்டிய மண்டபத்தில்.

நின்றுபோன ஆலைகள் கலைக்கூடமாவது இன்று உலகமெங்கும் நடக்கிறது. இலண்டனில், தேம்ஸ் கரையில் 1981 இல் மூடிய மின்நிலையம் 2000 ஆம் ஆண்டில் ஓவியக் காட்சியகமானது. அதே நகரில் 1847 இற் புகையிரத என்ஜின்களைத் திருப்பி நிறுத்தக் கட்டிய வட்டக் கொட்டகை ஒன்றுண்டு. பின்னாளில் அது ஜின் சாராயக் களஞ்சியமாகி, 1964 இல் ஆர்னோல்ட் வெஸ்கர் என்ற நாடகாசிரியரின் கைக்கு வந்தது. தொழிலாளருக்குக் கலை வேண்டும் என்று 1960 இல் தொழிற்சங்க மாநாடு நிறைவேற்றிய 42 ஆம் தீர்மானத்தை வைத்துத் தன் இயக்கத்துக்கே 'நாற்பத்திரண்டு' என்று பெயரிட்டவர் அவர். தீர்மானம் இருந்தது, காசு சேரவில்லை. அவரது கனவு நிறைவேறாமலே போய், 1983 இற் கொட்டகையும் மூடப்பட்டு, 2006 இல்தான் மறுபடி முழுதாகத் திறந்தது. அங்கே தீர்மானம் முந்தி, வேலை பிந்தியது. வன்சென்னில் ஒரு தீர்மானமும் இல்லை. தும்புத்தடியோடு ஆட்கள் போனார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சிலருக்குப் பரந்தன் ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. ஆனையிறவு உப்பைக் கொண்டு கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்வதற்காக 1950 களில் எழுந்த இரசாயனத் தொழிற்சாலை, 1980 களில் யுத்தம் மூண்டு நின்றுபோய், எலும்புக்கூடாக நெடுங்காலம் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸிற் போன தலைமுறை நான். அதைக் கலைக்கூடமாக்கலாமே என்று ஒருவர் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வேலை போன இடத்திற் கலை வருவது எப்போதும் பெருமைக்குரிய செய்தியல்ல. பரந்தனில் உழைத்த குடும்பங்கள் கேட்டது வேலையைத்தான், நாடகத்தையல்ல. ஆனால் வன்சென்னில் நான் கண்டது வேலை போன இடமும் அல்ல. தையல் இயந்திரம் ஓடுகிறது, மரம் அறுபடுகிறது, குசினியில் பானை கொதிக்கிறது, சம்பளம் எல்லோருக்கும் ஒன்று. அது இன்னும் தொழிற்சாலைதான். செய்கிற சாமான்தான் மாறியிருக்கிறது. எங்கள் கூத்தும் அப்படி ஒரு தொழிற்சாலையாகத்தானே இருந்தது? மாதக்கணக்கிற் பழக்கம், வெள்ளுடுப்பு, பிறகு அரங்கேற்றம். உடுப்புத் தைக்க ஒரு வீடு, பழகுகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற ஒரு வீடு, கொப்பி பார்க்க ஓர் ஆள்.

கொப்பி என்றதும் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் பெரியப்பா அண்ணாவியார். கோவலன் கூத்தும் காத்தவராயன் கூத்தும் அவர் கையெழுத்திலே தகரப் பெட்டிக்குள் இருந்தன. 2008 இன் கடைசியில் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது பெட்டியும் எங்களோடு வந்தது. இரண்டாவது இடம்பெயர்விலும் வந்தது. மூன்றாவதில் அரிசி முக்கியமாகப் பட்டது.

இரவு வீட்டுக்கு வந்து சேர ஒரு மணியாகிவிட்டது. மருமகன் படுக்கப் போகவில்லை. மேசையில் ஒரு கொப்பியை விரித்துவைத்து, கோவலன் வரவுப் பாட்டைச் சொல்லும்படி கேட்டான். தமிழ் எழுத்தில் அவனுக்கு வேகம் இல்லை. நானும் மெல்லத்தான் சொன்னேன். பன்னிரண்டு அடி போனது. அதற்கு மேல் மெட்டு வருகிறது, சொல் வரவில்லை. ஊரில் அப்போது விடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து, முள்ளியவளைக்குச் சின்னக்காவுக்குத் தொலைபேசி எடுத்தோம். சிறுமியாக இருந்தபோது பெரியப்பாவுக்குக் கொப்பி பிடித்தவர் அவர்தான். இந்த நேரத்தில் என்ன கரைச்சலோ என்று பதறிப் பேசியவர், விஷயத்தைக் கேட்டதும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், இறக்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனார். நாங்கள் பேனையோடு காத்திருந்தோம்.